காற்றிடம் வாங்கிய கடன்

எதிர் வீட்டுப் பையன் தன் பழைய மாருதிக்கு இறக்கை வைத்துவிட்டான்.

இறக்கை என்றால், பின்கதவுக்கு மேலே ஸ்கூல் பெஞ்சு மாதிரி ஒரு பலகை. அதற்கு இரண்டு கால். கறுப்பு பெயின்ட். ஞாயிற்றுக்கிழமை காலை நான் பால் பாக்கெட்டோடு வரும்போது, அதை பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது, துணி காயப்போடவா?"

"ஸ்பாய்லர், அங்கிள். காத்து மேலேர்ந்து அமுக்கும். வண்டி ரோட்டை விட்டு எழும்பாது."

அங்கிள்! என் வயதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். வேளச்சேரி சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டரைத் தாண்டாத வண்டி எங்கே எழும்பப்போகிறது?

ஆனால் பையன் சொன்னதில் தப்பே இல்லை. ரேஸ் காரின் இறக்கை, விமானத்தின் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததுதான். விமானத்தில் அது மேலே தூக்குகிறது. ரேஸ் காரில் கீழே அழுத்துகிறது. 'டவுன்ஃபோர்ஸ்' என்பார்கள். சிக்கல் என்னவென்றால், இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கப்படி கூடும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பத்து கிலோ அழுத்தினால், நூறில் நாற்பது கிலோ, இருநூறில் நூற்று அறுபது கிலோ. பையன் போகிற முப்பதில்? மூன்றரை கிலோ. டிக்கியில் ஒரு பூசணிக்காயை வைத்தாலே அந்தப் பலன் கிடைத்துவிடும். சாயங்காலம் சாம்பாருக்கும் ஆகும்.

அது மட்டுமில்லை. மாருதியை இழுப்பது முன்சக்கரம். இவன் அமுக்குவது பின்சக்கரத்தை. இதைச் சொன்னால் மனசு உடைந்துவிடுவான் என்று சொல்லவில்லை.

நான் படித்தது பி.காம். தெரிந்தது டெபிட், கிரெடிட் இரண்டுதான். ஆனால் இந்த ரேஸ் கார் சமாசாரத்தைத் தோண்டிப் பார்த்தால், அதுவும் கடைசியில் வரவு செலவுக் கணக்காகத்தான் இருக்கிறது. அதில் ஒரு பெரிய கடனும் இருக்கிறது. வட்டி ரொம்பக் கம்மி. ஆனால் கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்பான். நோட்டீஸ் கிடையாது.

* * *

முதலில், எதற்காக அமுக்க வேண்டும்?

வளைவில் பஸ் திரும்பும்போது, ஃபுட்போர்டு பக்கம் நிற்பவர் ஏன் கம்பியைக் கட்டிக்கொள்கிறார்? உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் திரும்பிவிடுகிறது. காருக்கும் அதே கதை. நேராகப் போகத் துடிக்கிற காரைத் திருப்பிப் பிடித்து வைத்திருப்பது, டயர் ரோட்டைப் பற்றுகிற பிடி ஒன்றுதான். டயரை எவ்வளவு அழுத்துகிறோமோ, அவ்வளவு பிடி.

"அப்படியானால் நாலு மூட்டை மணலை ஏற்றிவிடலாமே?" என்று கேட்பீர்கள். பிடி கூடும்தான். ஆனால் வளைவில் அந்த மணலும் நேராகப் போக அடம்பிடிக்கும். கிடைத்ததை அதுவே தின்றுவிடும். காற்று அப்படியில்லை. டன் கணக்கில் அமுக்கும், ஆனால் தனக்கென்று எடை எதையும் காரில் ஏற்றாது. ஓவர்டைம் பார்த்துவிட்டு சம்பளம் கேட்காத ஆள்.

1956-லேயே மைக்கேல் மே என்ற ஸ்விஸ் எஞ்சினீயர் இதைப் புரிந்துகொண்டு, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் தன் போர்ஷே காரின் தலைக்கு மேலே ஒரு பெரிய இறக்கையைக் கவிழ்த்து மாட்டிக்கொண்டு வந்தார். பந்தயம் நடத்தியவர்கள் "கழற்றி வைத்துவிட்டு வா" என்று சொல்லிவிட்டார்கள். ஃபார்முலா ஒன் கார்களுக்கு இறக்கை முளைக்க 1968 ஆயிற்று. முளைத்ததும் சும்மா இருப்பார்களா? ஆளுயரக் கம்பத்தில் தூக்கி நிறுத்தினார்கள். மறுவருடமே, 1969 மே மாதம் ஸ்பெயினின் மோன்ட்ஜுயிக் பந்தயத்தில், லோட்டஸ் கார்கள் இரண்டிலும் இறக்கை முறிந்தது. முதலில் கிரஹாம் ஹில் மோதினார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதே இடத்தில் யோகன் ரிண்ட் வந்து மோதினார். ஹில் தப்பினார். ரிண்டுக்கு முகத்தில் பலத்த அடி. அடுத்த பந்தயத்திலேயே உயரமான இறக்கைக்குத் தடை. பிறகு வந்ததெல்லாம் குட்டையான, உடம்போடு ஒட்டிய இறக்கைகள்.

இறக்கையில் இன்னொரு தொல்லையும் உண்டு. அமுக்கும், கூடவே காற்றில் இழுத்துப் பிடித்து நிறுத்தவும் பார்க்கும். வளைவில் லாபம், நேர் ரோட்டில் நஷ்டம். கடன் கிடைக்கிறது, வட்டி கொள்ளை.

வட்டி குறைவாகக் கடன் கொடுப்பவர் யாராவது உண்டா என்று தேடிய ஆசாமிதான் காலின் சாப்மன். லோட்டஸ் கம்பெனியை ஆரம்பித்தவர். இங்கிலீஷ்காரர். மீசையும் கறுப்புத் தொப்பியுமாக, தன் கார் ஜெயிக்கும்போதெல்லாம் தொப்பியை ஆகாயத்தில் வீசுவார்.

* * *

1975-ல் அந்தத் தொப்பி ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. ஐந்து வருடப் பழைய மாடலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வருடம் முழுக்க ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை. சாப்மன் உட்கார்ந்து இருபத்தேழு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். நம் ஆபீஸில் அவ்வளவு நீள மெமோ வந்தால், அது யாரையோ வீட்டுக்கு அனுப்புவதற்காகத்தான் இருக்கும். சாப்மன் எழுதியது ஒரே கேள்வியைச் சுற்றி: காரின் மேல்பக்கக் காற்றை எல்லோரும் பார்த்தாகிவிட்டது, அடிப்பக்கம் போகிற காற்றால் என்ன பயன்?

கேள்வி டோனி ரட், பீட்டர் ரைட் என்ற இரண்டு எஞ்சினீயர்களிடம் போனது. இவர்கள் 1960-களின் கடைசியில் பி.ஆர்.எம். என்ற வேறொரு டீமில் இருந்தபோதே, காரின் உடம்பையே இறக்கையாக்கிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நின்றுபோயிருந்தது. பழைய ஃபைலை தூசி தட்டினார்கள்.

லண்டன் இம்பீரியல் காலேஜில் ஒரு விண்ட் டனல் இருந்தது. ராட்சத விசிறி வைத்துக் காற்றை ஓடவிடுகிற பெரிய குழாய். அதன் தரை, பெல்ட் மாதிரி ஓடும். அதன் மேல், கால் பங்கு சைஸில் செய்த மாடல் காரை நிறுத்தி, காற்று எவ்வளவு அமுக்குகிறது என்று அளந்துகொண்டே இருந்தார்கள்.

ஒருநாள் அளவுகள் தாறுமாறாக வந்தன. இப்போது வந்த எண் அடுத்த தடவை வரவில்லை. உள்ளே உற்றுப் பார்த்தால், மாடலின் இரு பக்கப் பெட்டிகளும் காற்றின் வேகத்தில் தரையை நோக்கித் தொய்ந்துகொண்டிருந்தன. எதுவோ அவற்றைக் கீழே உறிஞ்சுகிறது! பெட்டிகளைக் கம்பி கொடுத்து முறுக்கிக் கட்டிவிட்டு, ஓரங்களில் தரையைத் தொடுகிற மாதிரி அட்டைத் துண்டுகளை ஒட்டினார்கள். மறுபடி காற்றை விட்டார்கள். அமுக்கு விசை எகிறிவிட்டது.

ஃபார்முலா ஒன் சரித்திரத்தைப் புரட்டிப் போட்ட சாமான், அட்டை.

* * *

இது ஏன் என்று தெரிந்துகொள்ள லண்டன் போக வேண்டாம். மானேஜர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், மேஜையிலிருந்து இரண்டு தாள் எடுங்கள். கைக்கு ஒன்றாக, முகத்துக்கு முன்னால் தொங்கவிடுங்கள். நடுவில் நாலு விரல் இடைவெளி. இப்போது அந்த இடைவெளியில் பலமாக ஊதுங்கள்.

தாள் இரண்டும் விலகி ஓடும் என்றுதானே நினைத்தீர்கள்? ஓடாது. ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொள்ளும்.

அகலமாக ஓடுகிற ஆறு, பாலத்தடியில் குறுகும்போது வேகம் பிடிக்கும், பார்த்திருப்பீர்கள். காற்றும் குறுகிய வழியில் வேகமாக ஓடும். இந்த வேகம் சும்மா வராது. அழுத்தத்தைச் செலவு பண்ணித்தான் வேகத்தை வாங்க வேண்டும். வேகம் வரவு, அழுத்தம் செலவு. இதை பெர்னூலி என்பவர் 1738-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். உங்கள் அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சியதும் இந்த வித்தையால்தான்.

லோட்டஸ்காரர்கள் காரின் இரண்டு பக்கப் பெட்டிகளின் அடிப்பாகத்தையும் கவிழ்த்த இறக்கை மாதிரி வளைத்தார்கள். முன்னால் வாய் அகலம், நடுவில் தொண்டை குறுகல், பின்னால் மறுபடி விரிவு. குறுகலில் காற்று பறக்கும். பறந்தால் அங்கே அழுத்தம் குறையும். மேலே இருக்கிற சாதாரணக் காற்று காரைக் கீழே தள்ளும்.

எவ்வளவு தள்ளும்? கணக்கு போடுவோம், அதுதான் நம் தொழில். நம்மைச் சுற்றியுள்ள காற்று, ஒரு சதுர மீட்டர் இடத்தின் மேல் ஏறக்குறைய பத்து டன் பாரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. கீழேயிருந்தும் அதே பத்து டன் தாங்குவதால் நமக்குத் தெரிவதில்லை. பேலன்ஸ் ஷீட் டேலி. காரின் அடியில் இரண்டு சதுர மீட்டர் என்று வையுங்கள். மேலே இருபது டன், கீழே இருபது டன். கீழ்க்கணக்கில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் போதும், ஒரு டன் வித்தியாசம்! அன்றைய விதிப்படி ஒரு ஃபார்முலா ஒன் காரின் குறைந்தபட்ச எடையே 575 கிலோதான்.

இதற்கு வட்டி, அதாவது எதிர்க்காற்றின் இழுவை, இறக்கையோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஒரே ஒரு நிபந்தனை. ஓரத்திலிருந்து காற்று உள்ளே புகக்கூடாது. புகுந்தால் உறிஞ்சல் போச்சு. அதனால் காரின் இரு பக்கமும், தரையை உரசிக்கொண்டு, ஸ்ப்ரிங் வைத்து மேலும் கீழும் நகர்கிற தடுப்புப் பலகை மாட்டினார்கள். அதற்கு எஞ்சினீயர்கள் வைத்த பெயர் 'ஸ்கர்ட்'. ஆமாம், பாவாடைதான். அத்தனை பெரிய விஞ்ஞானமும் கடைசியில் பாவாடை தூக்கிக்கொள்ளாமல் இருப்பதில் வந்து நின்றது.

* * *

1977-ல் இந்த யுக்தியோடு வந்த லோட்டஸ் 78, ஐந்து பந்தயங்களில் ஜெயித்தது. எஞ்சின் அடிக்கடி காலைவாரியதால் சாம்பியன் பட்டம் ஃபெராரியின் நிக்கி லாடாவுக்குப் போனது. 1978-ல் அதைவிடச் சுத்தமாகச் செதுக்கிய லோட்டஸ் 79 வந்தது. கறுப்பு உடம்பு, தங்கக் கோடு. மே மாதம் பெல்ஜியத்தில் மரியோ ஆண்ட்ரெட்டி அதை முதல் தடவையாக சாம்பியன்ஷிப் பந்தயத்தில் ஓட்டினார். ஓட்டிய அன்றே ஜெயித்தார்.

மற்ற டீம்காரர்கள் லோட்டஸ் நிற்கிற இடமெல்லாம் குனிந்து அடியில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிரபாம் டீமின் டிசைனர் கார்டன் மர்ரேக்கும் ரகசியம் புரிந்துவிட்டது. ஆனால் அவர் காரில் இருந்த ஆல்ஃபா ரோமியோ எஞ்சின் இடுப்பு அகலமானது. இரண்டு பக்கமும் சுரங்கம் வைக்க இடமில்லை. மர்ரே யோசித்தார். 'அடியிலிருந்து காற்றை வெளியேற்றுவதுதானே விஷயம்? ஒரு ஃபேனை வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டால்?'

வைத்தே விட்டார். காரின் பின்னால் ஒரு பெரிய ஃபேன். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் ஃபேனும் வேகமாகச் சுற்றும். நகரும் காற்று யுக்திகளுக்கு விதியில் தடை இருந்தது. "இது எஞ்சினைக் குளிர வைக்கத்தான் சார்" என்றார்கள். ரேடியேட்டரையும் அதற்கேற்ற மாதிரி மேலே படுக்க வைத்திருந்தார்கள். லீவு லெட்டரோடு டாக்டர் சர்ட்டிஃபிகேட்டையும் சேர்த்துக் கொடுப்பது மாதிரி. நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலே கார் எருமை மாதிரி பொத்தென்று கீழே உட்காரும். பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடாதென்று, கார் நிற்கும்போது ஃபேனைக் குப்பைத்தொட்டி மூடியால் மறைத்து வைத்தார்கள்.

1978 ஜூன் 17, ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப். நடுவில் ரோட்டில் எண்ணெய் சிந்தியது. எல்லோரும் வழுக்கினார்கள். பிரபாமில் இருந்த லாடா மட்டும் ரோட்டில் ஒட்டிய பல்லி மாதிரி போனார். முப்பத்துநாலு செகண்ட் வித்தியாசத்தில் வெற்றி. மற்றவர்கள் கொதித்துப்போனார்கள். பிரபாம் முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டன், டீம்களின் சங்கத்துக்கும் தலைவர். சங்கம் உடையக்கூடாதென்று காரை வாபஸ் வாங்கிக்கொண்டார். பிறகு ஃபேனுக்கே தடை வந்தது. ஓடியது ஒரு பந்தயம், ஜெயித்ததும் அதே ஒரு பந்தயம்.

லோட்டஸுக்கு மறுபடி வழி காலி.

* * *

இங்கே இன்னொரு மனிதரைச் சொல்லவேண்டும். ரோனி பீட்டர்சன். ஸ்வீடன்காரர். காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டுகிற அழகுக்காகவே ஜனங்கள் கூடுவார்கள். லோட்டஸ் நொண்டிக்கொண்டிருந்த நாட்களில் அதை ஓட்டியவர். 1976-ல் விட்டுவிட்டுப் போனவர், 1978-ல் திரும்பி வந்தார். ஆனால் ஒப்பந்தம் அவரை நம்பர் டூ என்றது. ஆண்ட்ரெட்டிதான் நம்பர் ஒன்.

அந்த வருடம் லோட்டஸ் 79 இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக முடித்த பந்தயங்களை நினைத்தால் எனக்கு என்னவோ செய்யும். முன்னால் ஆண்ட்ரெட்டி, அவர் வாலைப் பிடித்தபடி பீட்டர்சன். முந்த முடியாமல் இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறார், வாக்கு கொடுத்திருக்கிறார். ஆபீஸில் தன்னால் முடிந்த வேலையை அடுத்தவர் பெயரில் ஒப்பேற்றிக் கொடுத்த யாருக்கும் இது புரியும். ஆனால் நம்மில் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் அதைச் செய்தோம்? பீட்டர்சன் செய்தார்.

செப்டம்பர் 10, இத்தாலியின் மோன்ஸா. அதற்குள் கணக்கு மிகவும் சுருங்கிவிட்டது. ஆண்ட்ரெட்டியைத் தாண்டிப் பட்டம் வாங்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான், பீட்டர்சன்.

அன்று காலை ஒத்திகை ஓட்டத்தில் பீட்டர்சனின் 79 மோதி நசுங்கியது. கால்களில் சிராய்ப்பு, காயம். உபரியாக இருந்த இன்னொரு 79, ஆண்ட்ரெட்டியின் அளவுக்குச் செய்தது. பீட்டர்சன் உயரம், அவர் குட்டை. கடைசியில் போன வருடத்து லோட்டஸ் 78-ல் உட்கார்ந்தார்.

பின்வரிசைக் கார்கள் வந்து நிற்பதற்குள் ஸ்டார்ட் விளக்கைப் போட்டுவிட்டார்கள். நின்றவர்களும் ஓடிவந்தவர்களும் ஒரு குறுகலில் போய் அடைந்தார்கள். மோதல். பீட்டர்சன் கார் தடுப்பில் அடித்துத் தீப்பிடித்தது. ஜேம்ஸ் ஹன்ட் தன் காரிலிருந்து இறங்கி நெருப்புக்குள் போனார். பேட்ரிக் டிபாய், க்ளே ரெகஸோனியும் சேர்ந்து பீட்டர்சனை வெளியே இழுத்தார்கள். நினைவோடு இருந்தார். கால்கள் நொறுங்கியிருந்தன. மிலான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. எலும்பிலிருந்து கசிந்த கொழுப்பு ரத்தத்தில் கலந்து அடைத்து, மறுநாள் காலையில் இறந்துபோனார்.

ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன் ஆனார். பதினான்கு வயதுப் பையனாக இதே மோன்ஸாவில் வேடிக்கை பார்த்து ஆசைப்பட்ட பட்டம். கிடைத்த இடமும் அதே மோன்ஸா. கொண்டாட முடியவில்லை.

அந்த விபத்துக்குக் காரணம் காற்றல்ல, அவசரப்பட்டுப் போட்ட விளக்கு. அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் காற்றின் கணக்கு அத்தோடு முடியவில்லை.

* * *

1979-ல் எல்லோரிடமும் பாவாடை வந்துவிட்டது. வளைவில் வேகம் ஏறிக்கொண்டே போனது. ஆனால் ஏதோ ஒரு மேட்டில் ஸ்கர்ட் மேலே போய்ச் சிக்கிக்கொண்டால்? அந்தக் கணமே ஓரத்தில் காற்று புகும். ஒரு டன் பிடி, இருந்த இடம் தெரியாமல் போகும். இறக்கை முறிந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். இது காருக்கு அடியில் நடப்பது. டிரைவருக்குத் தெரிவது, ஸ்டியரிங் திருப்பியும் கார் திரும்பவில்லை என்பது மட்டும்தான்.

1981-ல் நகரும் ஸ்கர்ட்டைத் தடை செய்து, காருக்கும் தரைக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்றார்கள். அளப்பது கார் நிற்கும்போது. கார்டன் மர்ரேக்கு இது போதாதா? வேகம் எடுத்தால் காற்றின் அழுத்தத்திலேயே கீழே இறங்கி, ஓட்டம் முடிந்து மெதுவாக வரும்போது பழையபடி எழுந்துகொள்கிற சஸ்பென்ஷனைச் செய்தார். ஆடிட்டர் வருகிற அன்று மட்டும் கல்லாப்பெட்டி சரியாக இருக்கும் கடை மாதிரி. அந்தப் பிரபாமில் நெல்சன் பிக்கே அந்த வருட சாம்பியன்.

அடிப்பக்கம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமென்பதால் ஸ்ப்ரிங்குகளைக் கல் மாதிரி இறுக்கினார்கள். ரோட்டின் ஒவ்வொரு கல்லும் டிரைவரின் முதுகெலும்பில் இறங்கியது. இந்தக் கார்களை ஓட்டுவது கொடுமை என்று வெளிப்படையாகச் சொன்னவர்களில் ஒருவர் ஃபெராரியின் ஜில் வில்நெவ். 1982 மே 8-ம் தேதி, ஸோல்டரில், தகுதிச் சுற்றில், மெதுவாகப் போன இன்னொரு காரின் பின்சக்கரத்தில் மோதி ஆகாயத்தில் பறந்தார். பிழைக்கவில்லை. ஜூனில் கனடாவில் ரிக்கார்டோ பலெட்டி இறந்தார். ஆகஸ்டில் பிரோனியின் கால்கள் நொறுங்கின.

1983 முதல் காரின் அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பாவாடை, சுரங்கம் எல்லாம் மூட்டை கட்டப்பட்டன. அந்த விதி அமலுக்கு வருவதற்குள், 1982 டிசம்பரில், சாப்மன் மாரடைப்பில் காலமானார். வயது 54.

* * *

கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து, பழைய கடன்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இறக்கைகள் பெருத்துப்போய், முன்னால் போகிற கார் கிளப்பிவிடுகிற கலங்கல் காற்றில் பின்னால் வருபவர் பிடி இழந்து முந்தவே முடியவில்லை. அடிப்பக்கத்து உறிஞ்சல் இந்தக் கலங்கலுக்கு அவ்வளவு பயப்படாது. எனவே 2022-ல் சுரங்கம் மறுபடி வந்தது. ஸ்கர்ட் மட்டும் கிடையாது.

அந்த வருடம் முதல் ஒத்திகையிலேயே நேர் ரோட்டில் கார்கள் குதிக்க ஆரம்பித்தன! வேகம் கூடக் கூடத் தரையை நோக்கி உறிஞ்சப்படும். ரொம்ப நெருங்கினால் இடைவெளி அடைத்துக் காற்று திணறும். உறிஞ்சல் அறுந்து கார் மேலே எழும். எழுந்ததும் காற்று ஓடும், மறுபடி உறிஞ்சும். செகண்டுக்குப் பல தடவை. ஓங்கிலின் பங்காளியான போர்ப்பாய்ஸ் என்ற கடல் பிராணி துள்ளித் துள்ளி நீந்துவது மாதிரி இருப்பதால் 'போர்ப்பாய்சிங்'. 1979-லேயே லோட்டஸ் 80-ஐ மூலையில் உட்கார வைத்த அதே வியாதி. விண்ட் டனலில் 60 சதவிகித சைஸ் மாடலுக்கு மேல் வைக்கக் கூடாது, மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் காற்று விடக்கூடாது என்று விதி. வியாதி வருவதோ நிஜக் காரில், அதற்கும் மேல் வேகத்தில்.

எட்டு வருடம் தொடர்ந்து டீம் பட்டம் வாங்கிய மெர்சிடிஸ்தான் அதிகம் அவதிப்பட்டது. அந்த ஜூன் மாதம் அஜர்பைஜானின் பாகுவில், ஏழு முறை சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் நாலாவதாக முடித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கியதை உலகமே டி.வி.யில் பார்த்தது. பிறகுதான் குலுக்கலுக்கு அளவு வைத்து, அதைத் தாண்டக்கூடாது என்றார்கள். 2023-ல் காரின் அடித்தட்டு ஓரத்தை 15 மில்லிமீட்டர் உயர்த்தினார்கள்.

ரெட் புல் கார் மட்டும் அதிகம் குதிக்கவில்லை. அதன் பின்னால் இருந்த ஏட்ரியன் நியூவி, 1980-ல் சவுத்தாம்ப்டன் யூனிவர்சிட்டியில் கடைசி வருட ப்ராஜெக்ட் செய்தது இந்த அடிப்பக்கக் காற்றைப் பற்றித்தான். 2023-ல் ரெட் புல் 22 பந்தயத்தில் 21-ல் ஜெயித்தது. காலேஜ் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

2025-ஓடு அந்த விதிகளும் முடிந்தன. 2026 விதிகளில் அடிப்பக்கம் மறுபடி பெரும்பாலும் தட்டையாகிவிட்டது.

* * *

மேஜையில் அந்த இரண்டு தாளும் இன்னும் இருக்கிறதா? இன்னொரு தடவை ஊதிப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளும். மூச்சை நிறுத்துங்கள். அடுத்த கணமே விலகிவிடும். நாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறோம். அவர்கள் இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில், வளைவின் நடுவில் அந்த விலகலைப் பார்த்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் எதிர் வீட்டுப் பையனிடம் சொன்னேன். லோட்டஸ், அட்டை, ஃபேன் எல்லாவற்றையும் கண் விரியக் கேட்டான். "அடியில ஸ்கர்ட் மாட்டிடலாமா அங்கிள்?" என்றான். நம்ம தெரு ஸ்பீட் பிரேக்கர் ஒன்றே போதும், பாவாடை கிழிந்துவிடும் என்றேன்.

பீட்டர்சன் கதையைச் சொன்னபோது மட்டும் துடைப்பதை நிறுத்தினான்.

"அவருக்கு என்ன வயசு அங்கிள்?"

"முப்பத்துநாலு."

எனக்கும் அதே வயசுதான், இனிமேல் அங்கிள் கிங்கிள் என்று கூப்பிடாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை.